தருமபுரி மலைகளில் இரண்டு இரவு: குழுவாக நடப்பவர்கள் உணவும் பையும் கட்டும் முறை

ஐந்தாறு பேர் சேர்ந்து மலைக்கு நடந்து சென்று இரண்டு இரவு தங்கித் திரும்புவதென்று முடிவானதும், பெரும்பாலோர் முதலில் எழுதுவது பலசரக்குப் பட்டியலைத்தான். வத்தல்மலை, சித்தேரி போன்ற தருமபுரி மாவட்டத்து மலைகளுக்கும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைகளுக்கும் அந்த வரிசை பொருந்தாது. இவை மழை குறைந்த, இலையுதிர் காடுகளும் முட்புதர்களும் நிறைந்த மலைகள். ஐப்பசியில் சலசலத்து ஓடுகிற ஓடை மாசி பிறப்பதற்குள் வெறும் பாறையாகிவிடும். ஆகவே தண்ணீர் எங்கே, எவ்வளவு கிடைக்கும் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அதற்கு ஏற்ற உணவைத் தேர்ந்தெடுத்து, அந்த உணவுக்கு வேண்டிய பாத்திரங்களை எடுத்துவைத்து, கடைசியாகத்தான் பையைத் தொட வேண்டும். இந்த வரிசையில் போனால் சுமை தானாகவே குறையும்.

அதற்கும் முன்பாக, எங்கே தங்கப் போகிறோம் என்பது முடிவாகியிருக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவதும், இரவு தங்குவதும், தீ மூட்டுவதும் குற்றம். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் இவ்விரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கின்றன. அங்கெல்லாம் விதிகள் இன்னும் கடுமையானவை. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு தனி விதிமுறைகளை வகுத்தது. கோடையில், தீப்பிடிக்கும் காலத்தில், தடங்கள் மூடப்படுவதும் உண்டு. எனவே இங்கே நான் சொல்வதெல்லாம் பகலில் அனுமதி பெற்ற வழியில் நடந்து, இரவில் மலைக் கிராமத்தில் ஒரு வீட்டுத் திண்ணையிலோ, உரிமையாளர் சம்மதித்த பட்டா நிலத்துக் கொட்டகையிலோ தங்குகிற பயணத்துக்கே பொருந்தும். முதன்முறையாகக் குழுவாகச் செல்பவர்களுக்கு அதுவே உகந்தது.

இனி தண்ணீர்க் கணக்கு. வெயிலில் சுமையோடு ஏறி இறங்குகிற ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்க மட்டும் 4 லிட்டர் வேண்டும். ஆறு பேர் என்றால் 24 லிட்டர். இரண்டு வேளைச் சமையலுக்கு 8 லிட்டர், பாத்திரமும் கை காலும் கழுவ 10 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 42 லிட்டர் ஆகிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. இதைத் தோளில் சுமந்து ஏற முடியாது என்பதால்தான் குழாயோ கிணறோ உள்ள ஊரில் தங்குவது கட்டாயமாகிறது. நடக்கும் வழிக்கு ஆளுக்கு 3 லிட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு லிட்டரை நடையின் கடைசி மணி நேரம் வரை தொடாமல் வைத்திருப்பது நல்ல பழக்கம். போவதற்கு ஒரு வாரம் முன்பு, தங்கப் போகும் வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து, "இப்போது குழாயில் தினமும் தண்ணீர் வருகிறதா, நாங்கள் ஆறு பேர் வந்தால் உங்களுக்குச் சிரமம் இருக்குமா?" என்று நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். அவர்கள் குடம் குடமாகச் சுமந்து வைத்த தண்ணீரை நாம் கேட்காமல் செலவழிப்பது முறையல்ல.

எந்த நீரானாலும் நன்றாகக் கொதிநிலைக்கு வந்து ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்த பிறகே குடிக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் பருத்தித் துணியை நான்காக மடித்து வடிகட்டிவிட்டுக் காய்ச்சுங்கள். இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் ஊரறிந்த செய்தி. காய்ச்சுவதால் ஃபுளூரைடு நீங்காது. ஆனால் அந்தத் தீங்கு ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களுக்கு வருவது, இரண்டு நாள் பயணத்தில் அஞ்ச வேண்டியது கிருமிகளைத்தான்.

தண்ணீர் அருமையான இடத்தில் சமைக்கிறோம் என்பது மனத்தில் பதிந்துவிட்டால், உணவைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும். கஞ்சி வடிக்க வேண்டிய சோறு வேண்டாம். ஊற்றிய நீர் முழுவதும் உணவுக்குள்ளேயே போய்விடுகிற பொங்கல், உப்புமா, களி ஆகியவை வேண்டும். நெடுநேரம் வேக வேண்டிய துவரம்பருப்பும் முழுக் கொள்ளும் வேண்டாம். பாசிப்பருப்பும் வறுத்து அரைத்த கொள்ளுப்பொடியும் போதும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றுகிற குருமாவும் குழம்பும் தேவையில்லை. காய்கறியைப் பொறுத்தவரை, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், எலுமிச்சை, முழுத் தேங்காய் ஆகியவை மூன்று நாள் தாங்கும். ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைகளில் தக்காளி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பையில் வைத்தால் அது நசுங்கி மற்றவற்றையும் கெடுத்துவிடும். வீட்டிலேயே நல்லெண்ணெய் மிதக்கச் சுண்டக் காய்ச்சிய தக்காளித் தொக்காக எடுத்துச் செல்லலாம். கருவாடு எத்தனை பிடித்தமானதாக இருந்தாலும் இந்தப் பயணத்துக்கு ஆகாது. அதன் வாடை துணிமணிக்கெல்லாம் ஏறுவதோடு எலியையும் நாயையும் இழுத்துவரும்.

அளவைத் தலைக்கு இவ்வளவு, வேளைக்கு இவ்வளவு என்று எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும். கண் அளவில் எடுத்தால் எப்போதும் கூடுதலாகவே எடுப்போம். நடக்கிற ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சமைக்காத எடையில் சுமார் 600 கிராம் உணவு போதுமானது. வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு மதியம் அரூருக்கோ தருமபுரிக்கோ இறங்கிவிடுகிற பயணம் என்று கொண்டால், நம் பொறுப்பில் உள்ளவை முதல் நாள் மதியம், இரவு, இரண்டாம் நாள் மூன்று வேளை, மூன்றாம் நாள் காலை என்று ஆறு வேளைகள். அவற்றுள் அடுப்பு மூட்ட வேண்டியவை மூன்றே மூன்று.

முதல் நாள் மதியத்துக்குப் புளிச்சோறு. தருமபுரிப் புளிக்குப் பெயர் பெற்ற மண்ணில் இருந்துகொண்டு வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. ஆளுக்கு 130 கிராம் அரிசி. உதிரியாக வடித்து ஆறவைத்து, நல்லெண்ணெயில் சுண்டிய புளிக்காய்ச்சலைக் கலந்து, சூடு முழுவதும் தணிந்த பிறகே தூக்குப்போசியில் அடைக்க வேண்டும். சூடாக மூடினால் மூடியில் கோத்த நீர் சோற்றில் சொட்டி மாலைக்குள் ஊசிப்போகும். தேங்காய் சேர்க்கக் கூடாது. இது முதல் நாள் மதியத்துக்கு மட்டுமே. மீந்தால் இரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று இரவுக்குச் சாமைப் பொங்கல். இந்த மலைகளிலேயே விளைகிற சாமை, அரிசியைக் காட்டிலும் விரைவில் வெந்துவிடும், எரிபொருளும் மிச்சமாகும். ஆறு பேருக்குச் சாமை 720 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 240 கிராம், தண்ணீர் சுமார் 4 லிட்டர். மிளகு, சீரகம், பெருங்காயம், உப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே அளந்து ஒரே பொட்டலமாக அதே பைக்குள் போட்டுவிட வேண்டும். இரண்டாம் நாள் காலைக்கு வறுத்த ரவை 540 கிராம், அதனுடனேயே கலந்த கடுகு, உளுத்தம்பருப்பு, நிலக்கடலை. வீட்டில் வறுத்துத் தாளித்து ஆறவைத்த ரவையைக் கொதிநீரில் கொட்டிக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் உப்புமா தயார்.

இரண்டாம் நாள் மதியம் நடையின் நடுவே வரும் என்பதால் அடுப்பு கிடையாது. சிவப்பு அவல் 540 கிராம், பொடித்த வெல்லம் 250 கிராம், ஒரு தேங்காய். அவலை நனைத்துப் பத்து நிமிடம் வைத்து, துருவலும் வெல்லமும் கலந்தால் முடிந்தது. இனிப்பு பிடிக்காதவர்களுக்கு எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துத் தனியாகப் பிசைந்துகொள்ளலாம்.

இரண்டாம் இரவுக்கு ராகிக் களி என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதுவே மறுநாள் காலைக்கும் ஆகிவிடுவதுதான் காரணம். ராகி மாவு ஒரு கிலோ, அரிசிக் குருணை 200 கிராம். மூன்று லிட்டர் தண்ணீரில் உப்புப் போட்டுக் குருணையைக் குழைய வேகவைத்து, தீயைக் குறைத்து, மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல் மூடிச் சில நிமிடம் விட வேண்டும். மாவுக் குவியலின் விளிம்பில் நீர் கொப்பளித்து மேலேறி, மாவின் நிறம் கருக்கும்போது துடுப்பால் அடித்துக் கிண்டினால் கட்டி விழாது. கையை நனைத்துக்கொண்டு தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் உருண்டை பிடிக்கலாம். ஒருவர் குண்டானைத் துணியால் இறுகப் பிடித்துக்கொள்ள மற்றொருவர் கிண்ட வேண்டியிருப்பதால் இது இருவர் வேலை. தொட்டுக்கொள்ள, கொள்ளுப்பொடியைப் புளிக்கரைசலில் கொதிக்கவிட்டுப் பூண்டு தட்டிப்போட்ட ரசமோ, ஊரில் விலைக்குக் கிடைக்கிற கீரையைக் கடைந்ததோ போதும். மீந்த உருண்டைகளைக் காய்ச்சி ஆறிய நீரில் போட்டு மூடிவைத்தால், காலையில் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடித்துவிட்டு அடுப்பு மூட்டாமல் கிளம்பலாம். குண்டானின் அடியில் பிடித்த களியும் இரவெல்லாம் நீரில் ஊறி, காலையில் கையாலேயே பெயர்ந்து வந்துவிடும். சாம்பலோ சோப்போ தேவைப்படாது.

வழியில் கொறிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் வறுத்த நிலக்கடலையும் வெல்லமும், அல்லது கடலை உருண்டை. 100 கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி தருகிறது என்றால், அதே எடை நிலக்கடலை 560-க்கு மேல் தருகிறது. சுமக்கிற ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்க்கிற இடத்தில் இது பெரிய வேறுபாடு. பிஸ்கட் பாக்கெட்டுகளும் சிப்ஸ் பைகளும் இடத்தை அடைத்துக்கொண்டு தாகத்தையும் குப்பையையும் கூட்டுகின்றன. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எண்ணெய், உப்பு, தொக்கு, டீத்தூள், சர்க்கரை எல்லாம் சேர்த்து மொத்த உணவு ஒன்பது பத்து கிலோவுக்குள் அடங்கிவிடும்.

இந்த உணவை அரிசி ஒரு பை, பருப்பு ஒரு பை என்று பொருள்வாரியாகக் கட்டக் கூடாது; வேளைவாரியாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மஞ்சப்பை, அதன் வாயில் கட்டிய துணித்துண்டில் "முதல் நாள் இரவு, தண்ணீர் 4 லிட்டர்" என்று எழுதிவிட்டால், இருட்டில் களைப்போடு சமைக்க உட்காருகிறவர் யாரானாலும் எதையும் தேட வேண்டியதில்லை. ஒரு வேளைக்கு உரியதை மறுவேளைக்கு எடுத்துத் தீர்த்துவிடுகிற பேச்சும் எழாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிக்குத் தமிழகத்தில் 2019 முதல் தடை இருக்கிறது. மலையடிவாரச் சோதனைச் சாவடிகளில் பைகளைத் திறந்து பார்ப்பதும் உண்டு. கடைப் பாக்கெட்டுகளை வீட்டிலேயே பிரித்துத் துணிப்பைக்கு மாற்றிவிட்டால் அந்தச் சிக்கலே வராது. மாவு, ரவை, உப்பு மட்டும் ஈரம் தாங்காதவை என்பதால் எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி எடுத்துச் செல்லலாம். அந்த டப்பாக்களே பிறகு கிண்ணங்களாகவும் பயன்படும்.

பாத்திரங்களில், ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற இரண்டு அலுமினியக் குண்டான்கள் போதும். பெரியது எட்டு லிட்டர், சிறியது நான்கு லிட்டர். மூடி கட்டாயம், மூடாமல் கொதிக்கவிட்டால் எரிபொருள் வீணாகும். ஒரு கரண்டி, ஒரு களித் துடுப்பு, ஒரு கத்தி, பிடிதுணி. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு தம்ளர். குக்கர் கனம் என்பதோடு, சாமைக்கும் ரவைக்கும் அது தேவையும் இல்லை.

அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தங்குகிற வீட்டின் விறகு அடுப்பைக் கேட்டுப் பயன்படுத்திக்கொண்டு, விறகுக்கும் உழைப்புக்கும் உரிய பணத்தை மறுக்காமல் கொடுத்துவிடுவதுதான் எல்லா வகையிலும் சிறந்தது. அதற்கு வழியில்லாதபோது மட்டும், சிறு எரிவாயுக் குப்பியில் எரிகிற கையடக்க அடுப்பை எடுத்துச் செல்லலாம். 225 கிராம் குப்பி ஒன்று முழுத்தீயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எரியும். மூன்று வேளைச் சமையலுக்கும் குடிநீர் காய்ச்சவும் நான்கு குப்பிகள் வேண்டியிருக்கும். ரயிலிலும் பேருந்திலும் எரிவாயு எடுத்துச் செல்லத் தடை இருப்பதால், சொந்த வண்டியில் அடிவாரம் வரை செல்பவர்களுக்கே இது ஒத்துவரும். காற்றை மறைக்கிறோம் என்று தகரத்தால் அடுப்பைச் சுற்றி நெருக்கமாக அடைத்தால் குப்பி சூடேறி வெடிக்கக்கூடும். சுவரோரமாக வைத்துச் சமைத்தாலே போதும். மூடிய அறைக்குள் ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. நடக்கும் வழியில், சருகு கிடக்கிற இடத்தில், டீ போடுவதற்குக்கூட அடுப்பை எடுக்க வேண்டாம்.

பொதுப் பொருள்களாக ஒரு தார்ப்பாய், பத்து மீட்டர் கயிறு, மருந்துப் பெட்டி, குப்பைக்கு ஒரு கெட்டியான சாக்கு ஆகியவை இருந்தால் போதும். தீப்பெட்டியும் லைட்டரும் இரண்டு வெவ்வேறு பைகளில் இருக்க வேண்டும். தனிப்பட்ட பொருள்களில் எவராலும் பகிர முடியாதவை தலைவிளக்கு அல்லது டார்ச், தண்ணீர், அன்றைய கொறிப்பு, தம்முடைய வழக்கமான மருந்துகள். இவை நான்கும் ஒவ்வொருவரின் பையிலும் தனித்தனியாக இருந்தே ஆக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் மலைமேல் இரவு நன்றாகவே குளிரும் என்பதால் போர்வையோடு கம்பளிச் சட்டையும் குல்லாயும் வேண்டும், தரைக்குப் பாய். புரட்டாசி, ஐப்பசியில் மாலை மழை அடிக்கடி பெய்வதால் மழைக்கோட்டு வேண்டும். நடக்கும்போது முழுக்கால் சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிவது முள்ளுக்கு மட்டுமல்ல, உண்ணிக்கும் தடுப்பு. இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுச் செருப்பையும் புதுக் காலணியையும் இந்தப் பயணத்தில் முதன்முறையாக அணியக் கூடாது. மாற்று உடை ஒரு செட் போதும். எல்லோருமே தவறாமல் கூடுதலாக எடுத்துவருவது உடைதான்.

ஒருவர் சுமக்கிற பை அவரது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு, 3 லிட்டர் தண்ணீரையும் சேர்த்து, 12 கிலோ. முதன்முறை வருகிறவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் 8 கிலோவோடு நிறுத்திவிடுங்கள். கனமான பொருள்கள் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும்படி இருக்க வேண்டும். போர்வை அடியில், மழைக்கோட்டும் கொறிப்பும் மேலே. இடுப்புப் பட்டை உள்ள பையாக இருந்தால் சுமையின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கிவிடும்.

பங்கிடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் தீர்ந்துபோகிற புளிச்சோறும் முதல் இரவுப் பொங்கல் பையும் குழுவிலேயே மெதுவாக நடப்பவரின் பைக்குப் போக வேண்டும். கடைசியில் தீர்கிற ராகி மாவு வலுவுள்ளவர் பைக்கு. இப்படிச் செய்தால், தளர்வு தெரியத் தொடங்குகிற இரண்டாம் நாளில் அவருடைய சுமை தானாகவே இறங்கியிருக்கும், யாரும் வெளிப்படையாக அவர் பையை வாங்கிக்கொண்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டியதும் இல்லை.

மருந்துப் பெட்டியில் காய்ச்சல் மாத்திரை, கிருமிநாசினி, கட்டுத்துணி, பிளாஸ்டர், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஆறு. பொட்டலம் தீர்ந்தால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் அதுவே உப்பு சர்க்கரைக் கரைசல். பாம்பு தீண்டினால் கட்டுப் போட்டு இறுக்குவதும், கீறி இரத்தத்தை வெளியேற்றுவதும், நாட்டு மருந்து தேடுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, ஆளைச் சுமந்தாவது அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். மலையில் பல இடங்களில் அலைபேசிச் சமிக்ஞை இருக்காது என்பதால், 108-ஐ அழைக்க எந்த மேட்டில் சமிக்ஞை கிடைக்கும் என்பதைத் தங்குகிற ஊரில் போய்ச் சேர்ந்த உடனேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் செல்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரங்களில் ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டங்கள் வயல் வரை இறங்கிவரும். ராகி, வாழைப்பழம், உப்பு ஆகியவற்றின் வாசனை யானைக்குத் தொலைவிலேயே தெரியும். அங்கே வெட்டவெளியில் கூடாரம் அடித்து உணவுப் பையைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. ஓட்டு வீட்டுக்குள்ளோ பள்ளிக்கூடம் போன்ற கட்டடத்துக்குள்ளோதான் படுக்க வேண்டும். இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும் வெளியே நடமாடக் கூடாது. மற்ற இடங்களில் உணவுப் பையை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டால் எலியிடமிருந்தும் குரங்கிடமிருந்தும் தப்பும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை எல்லோரும் ஒரே வீட்டில் கூடி, தார்ப்பாயை விரித்து அனைத்தையும் பரப்பிப் பட்டியலோடு ஒப்பிட்டு, பிறகே பைகளில் இட வேண்டும். அவரவர் வீட்டில் கட்டிக்கொண்டு காலையில் பேருந்து நிலையத்தில் சந்திக்கிற குழுவில் மூன்று கத்தியும் இருக்கும், உப்பே இல்லாமலும் போகும். கட்டிய பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவரும் மாடிப்படி ஏறி இறங்கிப் பார்க்கட்டும். எங்கே உறுத்துகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பட்டியலின் ஒரு படியை, போகும் வழியும் திரும்பும் நேரமும் குறித்து, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

திரும்பி வந்த அன்றே, மீந்த ஒவ்வொரு பொருளையும் எடைபோட்டுப் பட்டியலில் அதற்கு நேரே குறித்துவையுங்கள். அவல் 100 கிராம் மீந்தது, வெல்லம் போதவில்லை என்று எழுதிய அந்தத் தாள்தான் அடுத்த பயணத்துக்கு உங்கள் குழுவின் அளவு. தார்ப்பாயையும் துணிப்பைகளையும் துவைத்து வெயிலில் காயவைத்து, குண்டான்களோடு ஒரே இடத்தில் எடுத்துவைத்துவிடுங்கள்.